புரதத்தின் வடிவத்தைக் கணித்த ஜி. என். இராமச்சந்திரன்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், தமிழ்த் தொழிலாளர்கள் பொழுது புலர்வதற்கு முன்பே பால்மரம் வெட்டச் சென்றனர். மரத்தின் பட்டையைச் சரியான ஆழத்தில் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும். குறைந்தால் பால் போதுமான அளவு வடியாது. பழகிய கைகள் அந்த அளவைத் தவறவிடுவதில்லை. அந்தக் கையின் ஒவ்வோர் அசைவுக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு புரதங்கள் வேலை செய்கின்றன.

முதலாவது, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் உள்ள கொலாஜன். அது கயிற்றைப் போன்றது. இரண்டாவது, மூளையின் கட்டளையைக் கைக்குக் கொண்டு செல்லும் நரம்புகளில் உள்ள பொட்டாசியம் கால்வாய். அது வாசலைப் போன்றது. பொட்டாசியம் அயனிகளை மட்டும் போகவிட்டு, சோடியம் அயனிகளைத் தடுக்கிறது. இரண்டும் அமினோ அமிலங்கள் எனப்படும் சிறிய மூலக்கூறுகளால் ஆன சங்கிலிகளே. ஒரு சங்கிலி கயிறாகவும் மற்றொன்று வாசலாகவும் மாறுவது எப்படி? சங்கிலி மடங்கி நிற்கும் வடிவமே அதன் தொழிலை முடிவு செய்கிறது. அந்த வடிவம் எந்த விதிக்குக் கட்டுப்படுகிறது என்பதைக் கணக்கிட்டு உலகிற்குக் காட்டியவர் ஜி. என். இராமச்சந்திரன் என்னும் தமிழர்.

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன், 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் கேரளத்தின் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றிப் பின்னர் அதன் முதல்வராகவும் உயர்ந்தவர். தாயார் லட்சுமி அம்மாள். தந்தையிடமிருந்து கணிதப் பற்று மகனுக்கும் வந்து சேர்ந்தது. எந்தச் சிக்கலையும் எண்ணாகவும் கோணமாகவும் மாற்றிப் பார்க்கும் பழக்கம் இராமச்சந்திரனிடம் இறுதிவரை இருந்தது.

திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அவர் முதலில் சேர்ந்தது மின்பொறியியல் துறையில்தான். ஆனால், அவருடைய மனம் இயற்பியலையே நாடியது. நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் அப்போது அங்கு இயற்பியல் பேராசிரியராக இருந்தார். இளைஞரின் திறமையைக் கண்ட இராமன், அவரைத் தம் துறைக்கே அழைத்துக்கொண்டார். வைரம் முதலிய படிகங்களின் வழியாக ஒளியும் எக்ஸ் கதிர்களும் செல்லும்போது என்ன நிகழ்கிறது என்பதை இராமச்சந்திரன் அங்கு ஆராய்ந்தார். 1947ஆம் ஆண்டில் முனைவர் பட்டத்தையும் பெற்றார்.

படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அது அணுக்களில் பட்டுச் சிதறி, படச்சுருளில் புள்ளிகளாகப் பதிகிறது. அந்தப் புள்ளிகள் நேரடியான படம் அல்ல. அவை ஒரு விடுகதை போன்றவை. புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் கணக்கிட்டு, அணுக்கள் எங்கெங்கே இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிச் சென்று கண்டறிய வேண்டும். இந்தக் கலையை மேலும் கற்க இராமச்சந்திரன் இங்கிலாந்துக்குச் சென்றார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வகத்தில் உஸ்டர் என்பவரின் வழிகாட்டுதலில் ஆராய்ந்து, இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் கருத்துகளும் அவரை ஈர்த்தன. பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தை மாதிரிகள் கட்டிப் பார்த்தே ஊகிக்கலாம் என்பது பாலிங்கின் வழி.

தாயகம் திரும்பிய இராமச்சந்திரன், சிறிது காலம் பெங்களூரில் கற்பித்தார். 1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் புதிய இயற்பியல் துறையை அமைக்க முனைந்தது. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமைப் பொறுப்புக்குத் தகுதியானவரைத் தேடியபோது, இராமன் தம் மாணவரின் பெயரைப் பரிந்துரைத்தார். முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர் துறைத்தலைவர் ஆனார். மேலைநாட்டு ஆய்வகங்களில் இருந்த வசதிகள் சென்னையில் இல்லை. கணினியும் இல்லை. எனவே, எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுப்பதே முதல் சவாலாக இருந்தது.

அந்தக் கேள்வி ஒரு விருந்தினர் வழியாக வந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற படிகவியலாளர் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்திருந்தார். எந்தப் புரதத்தை ஆராயலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கொலாஜனுக்கு அதுவரை முன்மொழியப்பட்ட வடிவங்கள் எவையும் மனநிறைவு தரவில்லை என்று அவர் தெரிவித்தார். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு என உடலைத் தாங்கி நிற்கும் பகுதிகளில் எல்லாம் இருப்பது கொலாஜன். விலங்குகளின் உடலில் மிகுதியாகக் காணப்படும் புரதமும் அதுதான். அப்படிப்பட்ட ஒன்றின் வடிவம் அன்று யாருக்கும் தெரியவில்லை.

இராமச்சந்திரன் அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டார். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திற்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன் என்பதால், அந்த அண்டைவீடு அவருக்குப் பெரிதும் துணையானது. ஆஸ்திரேலியக் கங்காருவின் வாலில் உள்ள தசைநாணும் ஆய்வுக்குக் கிடைத்தது. அதன் இழைகள் ஒழுங்காக வரிசைப்பட்டிருந்ததால், எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழுந்தது. கோபிநாத் கர்த்தா என்னும் ஆய்வாளர் அவருடன் இணைந்து உழைத்தார்.

படத்தோடு அவர்கள் ஒரு வேதியியல் உண்மையையும் சேர்த்துப் பார்த்தனர். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மற்ற அமினோ அமிலங்களுக்குப் பக்கத்தில் ஓர் அணுத்தொகுதி நீட்டிக்கொண்டிருக்கும். கிளைசினுக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான் உண்டு. மூன்றில் ஒன்று கிளைசின் என்றால், சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அது அமர்ந்திருக்க வேண்டும். அதற்குக் காரணம் என்ன? மூன்று சங்கிலிகள் நெருக்கமாகச் சேர்ந்து நிற்கும்போது, நடுவில் இருக்கும் இடம் மிகவும் குறுகியது. அந்த இடத்தில் கிளைசினைத் தவிர வேறெதுவும் நுழைய முடியாது.

1954ஆம் ஆண்டில் இராமச்சந்திரனும் கர்த்தாவும் தங்கள் முடிவை நேச்சர் ஆய்விதழில் வெளியிட்டனர். கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்பதே அதன் சாரம். மறு ஆண்டு அதைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றிக் கயிறுபோல் முறுக்கியிருப்பதாக எழுதினர். மூன்று புரிகளைச் சேர்த்துத் திரித்த கயிறு தனிப்புரியைவிட உறுதியானது என்பது கயிறு திரிப்போர் அறிந்த உண்மை. இயற்கை அதைத் தசைநாணில் செய்து வைத்திருக்கிறது.

பாராட்டோடு எதிர்ப்பும் வந்தது. அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகியோரும் அந்நாளில் கொலாஜனை ஆராய்ந்துகொண்டிருந்தனர். சென்னையில் உருவான மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது எழுந்த முக்கியக் குறை. இரு அணுக்கள் ஓர் எல்லைக்கு மேல் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும். அத்தகைய வடிவம் நிலைத்து நிற்காது. மூன்று சங்கிலிகள் கயிறாக முறுக்கியிருக்கின்றன என்ற அடிப்படைக் கருத்து நிலைபெற்றது. ஆனால், சங்கிலிகளுக்கு இடையே உள்ள பிணைப்புகளின் எண்ணிக்கை போன்ற நுட்பங்களில் ரிச், கிரிக் ஆகியோரின் மாதிரியே பின்னாளில் ஏற்கப்பட்டது.

அந்தக் குறை இராமச்சந்திரனைப் புண்படுத்தியிருக்கலாம். ஆயினும், அவர் அதை வாதத்தால் மட்டும் எதிர்கொள்ளவில்லை. அளவுக்கு மீறி நெருக்கம் என்றால், அந்த அளவு எது என்ற கேள்வியை எழுப்பினார். இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? அதற்கு உறுதியான விடை அன்று ஓரிடத்தில் தொகுக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே, அவரும் அவருடைய மாணவர்களும் அதுவரை வெளிவந்த அமினோ அமிலங்கள், சிறிய பெப்டைடுகள் ஆகியவற்றின் படிக அமைப்புகளை எல்லாம் திரட்டினர். கார்பனுக்கும் கார்பனுக்கும், கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும், நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் என ஒவ்வோர் இணைக்கும் உரிய குறைந்தபட்சத் தூரத்தைப் பட்டியலிட்டனர். பிறர் சுட்டிய குறையே ஒரு புதிய ஆய்வின் தொடக்கம் ஆயிற்று.

அடுத்த படி, அந்தத் தூரங்களைப் புரதச் சங்கிலிக்குப் பொருத்திப் பார்ப்பது. புரதச் சங்கிலியில் தட்டையான, வளையாத பலகைகள் போன்ற பகுதிகள் வரிசையாக உள்ளன என்று பாலிங் முன்பே காட்டியிருந்தார். இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு கார்பன் அணு கீல்போல் அமைந்திருக்கிறது. அந்தக் கீலின் இருபுறமும் சங்கிலி சுழலலாம். ஒரு பக்கச் சுழற்சியின் கோணத்தை ஃபை என்றும், மறுபக்கச் சுழற்சியின் கோணத்தை சை என்றும் அழைத்தனர். ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட புரதத்தின் முதுகெலும்பு எப்படி வளைந்து செல்கிறது என்பதை, ஒவ்வொரு கீலுக்கும் இரண்டே எண்களால் சொல்லிவிடலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

அந்த இரண்டு கோணங்களும் எந்த மதிப்பையும் பெறலாமா? பள்ளித் திடலில் கைகோத்து நிற்கும் மாணவர்களின் வரிசையைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒவ்வொருவர் முதுகிலும் புத்தகப்பை இருக்கிறது. ஒருவர் இப்படியும் அப்படியும் திரும்பலாம். ஆனால், ஓர் அளவுக்கு மேல் திரும்பினால் அவருடைய பை அடுத்தவர்மீது இடிக்கும். பை பெரிதானால் திரும்பும் இடம் குறையும். பை இல்லாத மாணவர் மற்றவர்களைவிடத் தாராளமாகத் திரும்புவார். புரதச் சங்கிலியில் புத்தகப்பை என்பது அமினோ அமிலத்தின் பக்கத்தொகுதி. பை இல்லாத மாணவர் கிளைசின்.

இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் ஒவ்வொரு கோண இணையாக எடுத்து, எந்த அணுவும் எதன்மீதும் இடிக்கிறதா என்று கணக்கிட்டனர். மேசைக் கணிப்பான்களே அவர்களுடைய கருவிகள். இடிக்காத கோணங்களை ஒரு சதுர வரைபடத்தில் குறித்தனர். ஒரு பக்கம் ஃபை, மறுபக்கம் சை. நிலப்படத்தில் கடலுக்கு நடுவே தீவுகள் தெரிவதுபோல், அனுமதிக்கப்பட்ட பகுதிகள் சில திட்டுகளாகத் தெரிந்தன. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு வரைபடத்தின் பரப்பில் நான்கில் ஒரு பங்குகூட அனுமதிக்கப்படவில்லை. கிளைசினுக்கோ ஏறத்தாழப் பாதிப் பரப்பு திறந்திருந்தது. 1963ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த வரைபடம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்றே அழைக்கப்படுகிறது.

வரைபடத்தைச் சோதிக்கவும் வழி இருந்தது. இங்கிலாந்தில் ஜான் கெண்ட்ரூவின் குழு, தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபின் என்னும் புரதத்தின் வடிவத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டறிந்திருந்தது. அதன் கோணங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை அனுமதிக்கப்பட்ட திட்டுகளிலேயே விழுந்தன. அணுக்கள் இடித்துக்கொள்ளக் கூடாது என்ற எளிய விதி ஒன்றை மட்டும் வைத்துச் சென்னையில் போட்ட கணக்கு, இயற்கையின் கணக்கோடு ஒத்துப்போனது. அன்று முதல், புதிய புரதம் ஒன்றின் வடிவத்தைக் கண்டறிந்ததாகக் கூறுவோர் அதன் கோணங்களை இந்த வரைபடத்தில் இட்டுச் சரிபார்ப்பது வழக்கமாயிற்று. பல கோணங்கள் கடலில் விழுந்தால், வடிவத்தில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

இராமச்சந்திரன் 1970ஆம் ஆண்டில் சென்னையை விட்டு நீங்கினார். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கென ஒரு பிரிவை உருவாக்கினார். அதற்கிடையே, அவருடைய கணிதத் திறன் முற்றிலும் வேறொரு துறைக்கும் பயன்பட்டது. உடலின் பல பக்கங்களிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களை இணைத்து, உள்ளுறுப்பின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பெற முடியும். ஆனால், அதற்குத் தேவைப்பட்ட கணக்கு மிக நீண்டது. அன்றைய கணினிகளோ மெதுவானவை. 1971ஆம் ஆண்டில் இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் அதற்கு எளிய, விரைவான ஒரு கணித முறையை வெளியிட்டனர். மருத்துவமனைகளில் சிடி ஸ்கேன் இயந்திரங்கள் படங்களை உருவாக்கும் முறைக்கு அது ஓர் அடித்தளமாக அமைந்தது.

இனி, நரம்பில் உள்ள வாசலைப் பார்க்கலாம். நரம்பணுவின் உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே சோடியம் அதிகம். சோடியம் அயனிகள் உள்ளே பாயும்போது மின்துடிப்பு எழுகிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியேறும்போது அது அடங்கி, நரம்பு அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகிறது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் கேம்பிரிட்ஜ் அறிவியலாளர்கள் இதை ஊசிக்கணவாயின் நரம்பில் அளந்து, 1952ஆம் ஆண்டில் விளக்கினர். இராமச்சந்திரன் சென்னையில் பொறுப்பேற்ற ஆண்டும் அதுதான். வரைபடம் வெளிவந்த 1963ஆம் ஆண்டில் அவ்விருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு பாதையில் சென்றன. அவை பின்னாளில் ஒரே இடத்தில் சந்தித்தன.

பொட்டாசியம் கால்வாயில் ஒரு புதிர் இருந்தது. சோடியம் அயனி பொட்டாசியம் அயனியைவிடச் சிறியது. பெரியது நுழையும் வழியில் சிறியது நுழைய முடியாமல் போவது எப்படி? மலாக்காவில் போர்த்துக்கீசியர் கட்டிய ஆ ஃபமோசா கோட்டையில் இன்று எஞ்சி நிற்கும் வாசலைப் பலரும் பார்த்திருப்பர். கோட்டை வாசலில் வருவோரைப் பிரித்தறியக் காவலர் வேண்டும். கால்வாயிலோ காவலர் இல்லை. அயனிகள் ஒரு விநாடிக்கு 100 மில்லியன் வரை அதன் வழியே பாய்கின்றன. அந்த வேகத்திலும் பொட்டாசியம் ஆயிரக்கணக்கில் செல்லும்போது சோடியம் ஒன்று தவறிச் செல்வதே அரிது.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோடரிக் மெக்கின்னனும் அவருடைய குழுவினரும், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயை எக்ஸ் கதிர்களால் படம்பிடித்தனர். நான்கு புரதச் சங்கிலிகள் கூடி நடுவில் ஒரு துளையை அமைத்திருந்தன. துளையின் ஒரு பகுதி மிகக் குறுகலாக இருந்தது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரின் மில்லியனில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். அதுவே அயனிகளைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டி. அங்கே சங்கிலியின் முதுகெலும்பில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் துளையின் நடுப்பகுதியை நோக்கி வரிசை வரிசையாகத் திரும்பி நின்றன.

புதிரின் விடை அந்த ஆக்சிஜன் அணுக்களில் இருந்தது. நீரில் கரைந்திருக்கும் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். குறுகிய வழியில் நுழைய அயனி அந்த நீரைக் கழற்ற வேண்டும். பொட்டாசியம் நீரைக் கழற்றும்போது, வடிகட்டியின் ஆக்சிஜன் அணுக்கள் அதே தூரத்தில் நின்று அதைத் தாங்கிக்கொள்கின்றன. அதற்கு இழப்பு ஏதுமில்லை. சோடியம் சிறியது, அந்த ஆக்சிஜன் அணுக்களை எட்டிப் பற்ற அதனால் இயலாது. தன் நீரை விட்டு வருவதால் அதற்கு நட்டமே ஏற்படும். ஆகவே, அது வெளியிலேயே நின்றுவிடுகிறது. அளவெடுத்துத் தைத்த சட்டை உரியவருக்கு மட்டும் பொருந்துவது போன்றது இது. இந்தக் கண்டுபிடிப்புக்காக மெக்கின்னனுக்கு 2003ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எல்லா ஆக்சிஜன் அணுக்களும் உள்நோக்கியே திரும்பி நிற்க வேண்டுமானால், சங்கிலி வழக்கத்துக்கு மாறான கோணங்களில் வளைய வேண்டும். வடிகட்டியை அமைக்கும் ஐந்து அமினோ அமிலங்களில் இரண்டு கிளைசின். மற்றவற்றுக்கு எளிதில் இடம் தராத கோணங்களைக் கிளைசின் ஏற்றுக்கொள்ளும் என்று 1963ஆம் ஆண்டின் வரைபடம் காட்டியிருந்தது. கொலாஜன் கயிற்றில் குறுகிய நடுப்பகுதியை நிரப்பிய அதே கிளைசின், இங்கே வாசலின் வடிவத்தை வளைத்துக் கொடுக்கிறது. பக்கத்தொகுதி இல்லாத அதன் சிறுமையே இரண்டு இடங்களிலும் அதன் பலம்.

இந்தச் சிறிய மூலக்கூறு இடம் மாறினால் விளைவு பெரிது. கொலாஜனில் ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் அமினோ அமிலம் வந்துவிட்டால், கயிறு சரியாக முறுக்கிக்கொள்ளாது. எலும்புகள் எளிதில் முறியும் நோயோடு பிறக்கும் பல குழந்தைகளிடம் இத்தகைய மாற்றம் காணப்படுகிறது. கால்வாயின் வடிகட்டியில் உள்ள கிளைசினை மாற்றினால், பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தறியும் திறன் கெடுகிறது. பொட்டாசியம் கால்வாய்களில் ஏற்படும் பழுதுகள் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கின்றன. ஆகவே, புரதத்தின் வடிவத்தை அறிவது ஏட்டளவில் நின்றுவிடும் ஆர்வம் அன்று. அது உயிரோடு தொடர்புடையது.

இராமச்சந்திரன் அறிவியலோடு இசையிலும் தத்துவத்திலும் ஈடுபாடு கொண்டவர். பிற்காலத்தில் தருக்கவியலைக் கணிதக் குறியீடுகளால் விளக்கும் முயற்சியிலும் இறங்கினார். தம்மிடம் எதிர்பார்த்த துல்லியத்தை மாணவர்களிடமும் எதிர்பார்த்தார். அவரிடம் பயின்ற பலர் புரத ஆய்வில் முன்னணி அறிவியலாளர்களாக விளங்கினர். 1961ஆம் ஆண்டில் இந்தியாவின் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1977ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1999ஆம் ஆண்டில் அனைத்துலகப் படிகவியல் ஒன்றியம் தன் உயரிய எவால்ட் பரிசை அவருக்கு அளித்தது. நோபல் பரிசு மட்டும் அவரைத் தேடி வரவில்லை.

முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1998ஆம் ஆண்டில், பொட்டாசியம் கால்வாயின் படம் உலகின் கவனத்தை ஈர்த்த அதே ஆண்டில், அவர் தம் மனைவி இராஜலட்சுமியை இழந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவருடைய உயிர் பிரிந்தது.

வசதிகள் குறைந்த ஒரு புதிய துறையில், பிறர் சுட்டிய ஒரு குறையைப் பொறுமையாக அளந்து பார்த்ததால் பிறந்தது இராமச்சந்திரன் வரைபடம். இன்று கணினிகள் சில நொடிகளில் ஒரு புரதத்தின் வடிவத்தை வரைந்து காட்டுகின்றன. அந்த வடிவம் நம்பத்தக்கதா என்று சோதிக்க, ஆய்வாளர்கள் இப்போதும் ஃபை, சை என்னும் இரண்டு கோணங்களைக் குறித்து, அவை அந்தத் திட்டுகளுக்குள் விழுகின்றனவா என்று பார்க்கிறார்கள்.